மரத்துப்போன கைக்கு ஒரு கியூ

போன மாதம் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தேனே, அன்றைக்கு கார்பன் ஃபைபரில் செய்த, பில்லியர்ட்ஸ் பந்தடிக்கிற ஒரு கியூவை என் கையில் கொடுத்து, "இதுக்கு மேல நல்ல மெட்டீரியல் உலகத்துலயே இல்ல சார்" என்றீர்கள். எடை குறைவு, வளையாது, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது என்று வரிசையாக ஒப்பித்தீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஊர் திரும்பப் பங்காருப்பேட்டை வண்டியைப் பிடித்துவிட்டேன். பதில் தெரியாமல் வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அங்கே வாயைத் திறந்திருந்தால் சண்டைதான் வந்திருக்கும். எனக்குத்தான் வயதாகியிருக்கிறது, என் கோபத்துக்கு ஆகவில்லை.

இப்போது சொல்கிறேன். நல்ல மெட்டீரியல் என்று தனியாக எதுவும் கிடையாது. யார் கைக்கு என்று கேட்காமல் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு மனுஷனுடைய கையில் பார்த்தேன். பார்த்து அசந்துபோனேன்.

எழுபதுகளின் தொடக்கம். கோலார் தங்க வயலில், சுரங்கத்துக்கு மேலே இருந்த ஒர்க்‌ஷாப்பில் நான் டர்னர். பகலெல்லாம் லேத்தில் இரும்பும் பித்தளையும் கடைவது என் வேலை. நாங்கள் கேம்ப் என்று சொல்லும் சுரங்கக் குடியிருப்புகளில் எங்களுடையது சாம்பியன் ரீப்ஸ். அங்கே தொழிலாளர்கள் பொழுதுபோக்க ஒரு இன்ஸ்டிடியூட் இருந்தது. கேரம் போர்டு, சீட்டுக்கட்டு, ஒரு மூலையில் வெள்ளைக்காரர்கள் ஆடித் தேய்த்துவிட்டுப் போன பில்லியர்ட்ஸ் மேஜை. அந்த மேஜையின் கியூக்களுக்கு நுனி உடைந்தாலும் பூண் கழன்றாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பழுது பார்த்துப் பார்த்து முழுக் கியூவே செய்யப் பழகிவிட்டேன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன்.

எங்கள் கேம்பில் அந்த மேஜைக்கு ராஜா முனிரத்தினம். என் வயதுக்காரன், நான் குடியிருந்த அதே லைன் வீட்டு வரிசையில் குடியிருந்தவன். பூமிக்கடியில் டிரில்லிங் மெஷின் பிடிப்பது அவன் வேலை. வெடிமருந்து வைப்பதற்காகப் பாறையில் ஓட்டை போடுகிற மெஷின் அது. ஷிப்டு முழுக்க அதைப் பிடித்திருப்பவனுக்கு மேலே வந்த பிறகும் பல் கிடுகிடுத்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட கை சாயந்திரம் கியூவை எடுத்தால் கைக்குழந்தையைத் தூக்குவது போல எடுக்கும். அவன் அடித்த வெள்ளைப் பந்து சிவப்பைத் தொட்டுவிட்டு, மேஜையின் இரண்டு ஓரங்களில் பட்டுத் திரும்பி, எதிராளியின் வெள்ளைப் பந்தைப் போய் முட்டும். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம்.

அந்த முனிரத்தினம் சறுக்க ஆரம்பித்தான். நேற்று கியூ பிடித்தவனெல்லாம் அவனை ஜெயித்தான். குடிக்கிறான் என்றார்கள், கண் போய்விட்டது என்றார்கள். வருஷா வருஷம், அதே தங்க வயலில் இருந்த கோரமண்டல் கேம்போடு எங்களுக்கு ஒரு போட்டி உண்டு. அது நெருங்கிக்கொண்டிருந்தது. அவனை டீமில் வைக்கலாமா வேண்டாமா என்று இன்ஸ்டிடியூட்டில் அவன் காதுபடவே பேசினார்கள்.

ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சரசு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்தாள். அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிய டீ. நான் டம்ளரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்து, தோளிலிருந்த துண்டால் பிடித்தேன். முனிரத்தினம் டம்ளரை முழுக் கையாலும் வளைத்துப் பிடித்தபடி, மழை வருமா வராதா என்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, சுடுதான்னு அவர கேளுங்க" என்றாள் சரசு.

"நீ உள்ள போ" என்றான் அவன்.

"நான் போகமாட்டேன். கேளுங்கணா."

நான் கேட்கவில்லை. டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். உள்ளங்கை சிவந்து கிடந்தது. அவன் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான்.

"எவ்ளோ நாளா?" என்றேன்.

"ரெண்டு வருசம் இருக்கும்ப்பா. மொதல்ல குளிர் காலத்துல மட்டும் வெரலு வெள்ளையாப் போகும். இப்ப எப்பவும் கட்டை மாதிரி கீது. கியூ கையில கீதா இல்லியான்னே தெர்ல. விழுந்துடப் போகுதுன்னு இறுக்கிப் பிடிக்கிறேன். அடி பட்டுதா இல்லியான்னு பந்து ஓடறதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, டிரில்லிங் மெஷினின் அதிர்வில் கை மரத்துப்போயிருக்கிறது. கியூவை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் போயிற்று. உங்களுக்கும் தெரியும், பிடி லேசாக இருக்கவேண்டும், கை முழங்கையிலிருந்து ஊஞ்சல் போல ஆடவேண்டும். கையில் இருக்கிறதா என்றே தெரியாதவன் எப்படி லேசாகப் பிடிப்பான்?

"கோரமண்டல் ஆட்டம் ஒண்ணு ஆடறேன்" என்றான். "அன்னிக்கும் கைக்கு ஒண்ணும் தெரியலன்னா இனிமே அந்த மேஜை பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன். எனக்கு வேற இன்னா கீது? கீழ எறங்கறேன், மேல வர்றேன். நடுவுல இது ஒண்ணுதான்."

"நான் ஒரு கியூ செஞ்சு தர்றேன், கைக்குத் தெரியற மாதிரி" என்று சொல்லிவிட்டேன். எதில், எப்படி என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

மரம் அடியின் அதிர்வைப் பாதி விழுங்கிவிடும். அதனால்தான் மரக் கியூ எல்லோர் கைக்கும் இதமாக இருக்கிறது. அந்த இதம்தான் முனிரத்தினத்துக்கு எதிரி. ஆகவே கைப்பிடிக்கு மரமில்லாத வேறொன்று வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பேக்கலைட் பலகைத் துண்டுகள் கிடந்தன. காகிதத்தையோ துணியையோ பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, சூட்டில் அழுத்திச் செய்வது. சுவிட்ச்போர்டுகளுக்குக் காகித பேக்கலைட், பல்சக்கரங்களுக்குத் துணி பேக்கலைட். முதன்முதலில் துணி பேக்கலைட்டை அறுத்த அன்று நான் மெஷினை நிறுத்திவிட்டு அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நெசவு தெரிந்தது, ஊடும் பாவும் இழை இழையாகத் தெரிந்தது. வேட்டிக்கு ஆகிற பருத்தி பல்சக்கரமாகி மோட்டாரோடு சுற்றுகிறதே என்று மலைத்துப்போனேன். அந்த மலைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. புதிய மோட்டாரோடு வந்த, கண்ணாடி இழையில் செய்த பலகை. பச்சை கலந்த மஞ்சள் நிறம். ஒரே ஒரு நீளத் துண்டுதான். ஃபோர்மேன் அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். அதன் ஓரத்திலிருந்து மெல்லிசாக ஒரு குச்சி மட்டும் கேட்டு வாங்கினேன்.

மூன்றிலும் ஒரே அளவில் குச்சி செய்தேன். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு, மறு முனையைப் பழைய பில்லியர்ட்ஸ் பந்தால் தட்டிப் பார்த்தேன். துணி பேக்கலைட் தடவிக் கொடுப்பது போல இருந்தது. காகிதம் கொஞ்சம் வெடுக்கென்றது. கண்ணாடி இழையில் தட்டியபோது முழங்கை வரைக்கும் சுரீரென்று ஏறியது. இதைக் கொண்டு கியூ செய்தால் ஆடுகிறவன் என்னை அடிக்க வருவான் என்று அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டேன். துணி பேக்கலைட்டை எடுத்தேன்.

கியூவை இரண்டாகக் கழற்றி மாட்ட நடுவில் ஒரு திருகாணி வேண்டும். கைப்பிடியில் அதற்குத் துளை போடும்போது முனிரத்தினம் பக்கத்தில் நின்றான். பேக்கலைட் தூசி புகையாகப் பறந்தது. அவன் பதறிப்போனான்.

"இன்னாப்பா, வெறுமனே துளைக்கிறே? தண்ணி வுடு. நெஞ்சுல போய் ஒக்காந்துக்கும்."

சுரங்கத்தில் தண்ணீர் விடாமல் துளை போடுவது பாவம். அந்தத் தூசியால் நுரையீரல் போனவர்கள் ஒவ்வொரு லைனிலும் இருந்தார்கள். அவன் சொன்னது சரிதானே என்று நானும் தாராளமாகத் தண்ணீர் விட்டேன். உள்ளே இருப்பது துணியாயிற்றே, குடித்துவிட்டது. ஊதிப்போய் திருகாணி உள்ளே நுழையவில்லை. முறைத்துக்கொண்டே ராவிச் சரிசெய்தேன். காய்ந்ததும் சுருங்கி, திருகாணி கடகடவென்று ஆடியது. சுரங்கத்துக்காரர்களைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். வேறொரு துண்டை எடுத்து, மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் விடாமலே கடைந்தேன்.

இரண்டு பாகமாகக் கழற்றி மாட்டுகிற கியூ. கறுப்புப் பளபளப்பு. இன்ஸ்டிடியூட்டில் ஆளாளுக்கு வாங்கி அடித்துப் பார்த்தார்கள். வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் முனிரத்தினம் அடித்தான்.

"நல்லா கீதுப்பா" என்றான்.

நானும் நம்பிவிட்டேன். ஆனால் அவன் அடுத்த அடிக்குக் குனிந்தபோது விரல் முட்டிகளைப் பார்த்தேன். வெளுத்துப்போய், குரல்வளையைப் பிடிப்பது போலக் கியூவைப் பிடித்திருந்தான். அடித்த மறுகணம் அவன் கண் பந்தைத் தேடி ஓடியது. பட்டதா என்று அவன் கண்ணால்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே இழுத்துக்கொண்டு போனேன். "எதுக்குடா பொய் சொன்னே?"

"நீ இவ்ளோ பாடுபட்டுச் செஞ்சிருக்கே. எப்படிப்பா சொல்றது?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆத்திரம் அவன்மேல் இல்லை என்பது வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. மூன்று குச்சிகளையும் நான் என் கையில் பிடித்துத்தானே பார்த்தேன்? அவன் கையில் பிடிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லையே. அடுத்த நாளே, தூக்கிப் போட்டதையும் சேர்த்து மூன்று குச்சிகளையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அவனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். குச்சியின் ஒரு முனை அவன் வலது கையில். மறு முனையைப் பந்தால் தட்டுவது சரசு. தெரிந்தால் இடது கையைத் தூக்கவேண்டும், அவ்வளவுதான். துணி பேக்கலைட்டைத் தட்டினாள். கை அசையவில்லை. காகிதத்தைத் தட்டினாள். ஒரு தரம் தூக்கலாமா என்று யோசித்தது போல விரல் அசைந்தது, பிறகு இல்லை. கண்ணாடி இழைக் குச்சியைக் கொடுத்தேன். சரசு தட்டினாள். இடது கை சட்டென்று மேலே போயிற்று.

எனக்குச் சந்தேகம். சத்தத்தைக் கேட்டுத் தூக்குகிறானோ? சரசுவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டு, குச்சியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த கட்டில் காலை ஓங்கித் தட்டினாள். கை கீழேயே இருந்தது. மறுபடி குச்சியை மெதுவாகத் தட்டினாள். கை மேலே போயிற்று. இன்னும் மெதுவாக. அப்போதும் போயிற்று.

"எங்க தெரியுது? வெரல்லயா?"

"வெரல்ல இல்லப்பா" என்றான், சுவரைப் பார்த்தபடியே. "மணிக்கட்டு எலும்புல. உள்ள வந்து கதவத் தட்ற மாதிரி கீது."

செத்துப்போன விரல்களைத் தாண்டி, உயிருள்ள எலும்பைத் தேடிப்போய்த் தட்டியிருக்கிறது. யாரோ எங்கோ மோட்டாருக்கென்று செய்த பலகை, கண்ணாடியும் பிசினும். சரசு தட்டுவதை நிறுத்தவே இல்லை. அழுதுகொண்டே தட்டினாள், அவன் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினான். நான் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் ஃபோர்மேனிடம் போய் விஷயத்தைச் சொல்லி நின்றேன். அவர் அலமாரியைத் திறந்து பலகையை என்னிடம் நீட்டினார். "ஒரே துண்டுதான் கீது. கெடுத்துட்டு வந்து என் மூஞ்சில முழிக்காதே" என்றார்.

முதலில் நுனியில் ஒரு சின்னத் துண்டை அறுத்தெடுத்து, திருகாணிக்குத் துளை போட்டுப் பார்த்தேன். அடுக்குகளுக்கு நடுவிலேயே துரப்பணம் இறங்கியது. பாதி இறங்கியதும் துண்டு புத்தகம் போல விரிந்துகொண்டது. மிச்சமிருந்த நீளத் துண்டும் இப்படி விரிந்தால் எல்லாம் முடிந்தது.

லேத்தை ஓட்டாமல் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், மெஷினை ஓட்டாமல் நின்றதை. இன்னும் கூரான துரப்பணம் போடலாமா, இரண்டு பக்கமும் கட்டை வைத்து இறுக்கிக்கொண்டு துளைக்கலாமா என்று மனம் துளையையே சுற்றிச் சுற்றி வந்தது. பிறகுதான் கேட்டேன், துளை யாருக்கு வேண்டும்? கழற்றி மாட்டுகிற நேர்த்தி எனக்கு வேண்டும், நாலு பேர் பார்த்துப் பாராட்டுவதற்கு. முனிரத்தினத்துக்கு அது எதற்கு? அவனுக்கு வேண்டியது நுனியில் பட்ட அடி தடையில்லாமல் மணிக்கட்டுக்கு வரும் ஒரு வழி. திருகாணி அந்த வழியில் இன்னொரு தடை, அவ்வளவுதான்.

துளை போடும் யோசனையைக் கைவிட்டேன். கழற்ற முடியாத ஒரே நீட்டுக் கியூவாகச் செய்ய முடிவெடுத்தேன். மரத்தின் பின்பகுதியை நடுவாகப் பிளந்து அறுத்து, பலகையைப் பட்டையாக்கி, அந்தப் பிளவில் செருகி ஒட்டுவது. கை பிடிக்கும் இடத்தில் பட்டையின் ஓரம் இரண்டு பக்கமும் வெளியே தெரியும், விரல் அதன்மேலேயே படும். கண்ணாடி இழை சாதாரண உளியை ஒரு ஓட்டத்தில் மழுக்கிவிட்டது. அதைவிடக் கடினமான கார்பைடு உளி மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். இந்தத் தடவை தண்ணீர் விட்டேன், கண்ணாடி குடிக்காது. அப்படியும் கழுத்தெல்லாம் அரிப்பு, ராத்திரி தூங்க முடியவில்லை. ஒட்டி முடித்துப் பார்த்தால் அழகு என்று ஒன்றுமில்லை, கடப்பாரைக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

போட்டியன்று ரயிலில் ஒரே கூட்டம், நீளக் கியூவைக் கிடத்த இடமில்லை, ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு போனோம். "இன்னாப்பா, மீன் பிடிக்கவா?" என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டார். முனிரத்தினம் சிரிக்கவில்லை. கையை அடிக்கடி வேட்டியில் துடைத்துக்கொண்டான். ஒட்டிய பசை இறுகி முடியவே முந்தின ராத்திரி ஆகிவிட்டதால், அவன் அந்தக் கியூவால் ஒரு பந்தைக்கூட அடித்துப் பார்க்கவில்லை.

கோரமண்டல் இன்ஸ்டிடியூட்டில் நல்ல கூட்டம். அவனுக்கு எதிராக ஆடியவர் அங்கே ஸ்டோர்ஸ் கிளார்க், உயரமான மனிதர், ஆட்டமும் உயரம்தான். முனிரத்தினம் முதல் அடிக்குக் குனிந்தான். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள், நான் அவன் கையைப் பார்த்தேன். முட்டிகள் வெளுத்திருந்தன. அடித்தான். பந்து எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. குனிந்த இடத்திலேயே அப்படியே இருந்தான், யாரோ கூப்பிட்ட குரலை இன்னொரு தரம் கேட்க நிற்பவனைப் போல. இரண்டாவது அடி. மூன்றாவதில் சுண்டுவிரல் கியூவை விட்டது. பிறகு மோதிர விரல். அரைமணி நேரம் போவதற்குள் கியூ அவன் கையில் சும்மா கிடந்தது, பிடித்திருக்கிறான் என்று சொல்லமுடியாது. பழைய முனிரத்தினம் வந்துவிட்டான். வெள்ளைப் பந்து அவன் நினைத்த இடத்துக்கெல்லாம் போய் வந்தது. எங்கள் கேம்ப் ஆட்கள் கைதட்டக்கூட மறந்து நின்றார்கள். நான் லேத்தில் எத்தனையோ கடைந்திருக்கிறேன், ஒரு மனுஷன் தன் கையைத் திரும்ப வாங்கிக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆட்டத்தில் தோற்றான். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் விட்ட புள்ளிகளை எட்டிப் பிடிக்க முடியவில்லை, கொஞ்சத்தில் போயிற்று. கிளார்க் நல்ல மனிதர். வந்து கைகொடுத்துவிட்டு, அந்த விநோதக் கியூவைக் கேட்டு வாங்கினார். "கடைசியில இன்னா அடி அடிச்சீங்க. நானும் ஒண்ணு பாக்கறேன்" என்று மேஜையில் குனிந்து, பலமாக ஒரு அடி அடித்தார்.

அடித்த வேகத்தில் கியூவை மேஜைமேல் போட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, இன்னாங்க இது, எலும்புக்குள்ள குத்துது? இத வெச்சிக்கினு எப்படி இவ்ளோ நேரம் ஆடினீங்க? வலிக்கலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். முனிரத்தினம் கியூவை எடுத்துத் துடைத்துவிட்டு, தன் வலது மணிக்கட்டை அவரிடம் நீட்டிக் காட்டினான். அது லேசாக வீங்கியிருந்தது. தோற்றவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"வலிக்குதுங்க" என்றான். "நல்லா வலிக்குது."